நிலவின் மறுபக்கத்தில் ஒரு வீட்டுக் கணினி

3 மார்ச் 2049, 08:10

காற்றழுத்தம் சரி. தண்ணீர் மறுசுழற்சி சரி. தொலைநோக்கியின் கம்பி வரிசைகளில் மூன்றாவது மட்டும் இரைச்சல் தருகிறது. யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

எழுதுவது பெர்னதெத் மச்சாடோ, நிலையப் பொறியாளர், சொந்த ஊர் தூத்துக்குடி. இது என் சொந்தக் குறிப்பு. இங்கே தங்குகிற ஒவ்வொருவரும் இப்படி ஒன்று எழுத வேண்டும் என்பது விதி. எதனோடும் இணைக்கப்படாத சிறு கைக்கருவியில் எழுதுகிறோம். எழுதியவருக்கு ஏதாவது ஆனால் மட்டுமே மற்றவர்கள் இதைத் திறக்கலாம்.

நிலையத்தில் இரண்டு பேர். மற்றவர் டாக்டர் கோமதிசங்கர், வானொலி வானியலாளர், சங்கரன்கோவில்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வந்த புதிதில் சார் என்று கூப்பிட்டேன். “ரெண்டே பேரு இருக்கோம், இதுல என்ன சாரு மோரு” என்றார். அன்றிலிருந்து அண்ணாச்சி.

நிலவின் இந்தப் பக்கத்திலிருந்து பூமி தெரியாது. பூமியின் வானொலி இரைச்சல் எட்டாத இடம் என்பதால்தான் வானொலித் தொலைநோக்கியை, தரையில் நீளமான கம்பி வரிசைகளாக, இங்கே விரித்திருக்கிறார்கள். பூமியோடு பேசுவதெல்லாம் நிலவைச் சுற்றுகிற ஒரு செயற்கைக்கோள் வழியாக.

இன்று தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை. நிலையக் கணினியின் பாதுகாப்பை அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். குடும்பத்தோடு பேசவும் படம் பார்க்கவும் எங்கள் அறையில் தந்திருக்கும் வீட்டுக் கணினிக்கு இனி நாங்களே பொறுப்பு. பாதுகாப்பு மென்பொருள் இலவசமா, கட்டணமா என்று முடிவு செய்து தெரிவிக்க வேண்டும். கட்டணம் என்றால் இருவர் சம்பளத்திலும் சிறு தொகை பிடிப்பார்கள்.

5 மார்ச், 17:30

ஓய்வு நேரத்தில் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரே நிறுவனத்தின் இலவசப் பதிப்பு ஒன்று, கட்டணப் பதிப்பு ஒன்று. வைரஸைப் பிடிப்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. உள்ளே ஓடுவது ஒன்றேதான். கட்டணம் கட்டினால் கூடுதலாகச் சில வசதிகள் வரும். கோப்புகளை எவனாவது பூட்டிவிட்டால் பழைய நிலைக்குத் திருப்பித் தரும். வெளியே போகிற வருகிற இணைப்புகளைக் கண்காணிக்கும். சிக்கல் வந்தால் பேசுவதற்கு ஒரு ஆள் கிடைப்பார். இலவசத்தில் இதெல்லாம் இல்லை. கட்டணத்துக்கு மாறச் சொல்லி அடிக்கடி விளம்பரம் வரும், அவ்வளவுதான்.

சாப்பிடும்போது அண்ணாச்சியிடம் சொன்னேன்.

“காசு குடுத்தே வாங்கிருவமே தங்கச்சி. ஒண்ணுன்னா கேக்கதுக்கு ஒரு ஆளு இருக்கும்லா.”

“ஆளுக்குத்தான் நான் இருக்கேன்லா அண்ணாச்சி. எதுக்குத் தண்டமா குடுக்கணும்?”

அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். இலவசம் என்று பதில் அனுப்பிவிட்டேன். தொகை எனக்குப் பொருட்டல்ல. பதினெட்டு வருடம் கணினிப் பாதுகாப்பும் சேர்த்து இதே வேலை பார்த்தவள், வீட்டுக் கணினியைக் காக்க இன்னொருவனுக்குச் சம்பளம் கொடுப்பதா என்ற எண்ணம் இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

19 மார்ச், 13:00

காற்று, தண்ணீர் சரி.

வீட்டுக் கணினியில் அந்த அறிவிப்புப் பெட்டி ஓயாமல் வருகிறது. உங்கள் கணினி முழுப் பாதுகாப்பில் இல்லை, இன்றே கட்டணப் பதிப்புக்கு மாறுங்கள் என்று மஞ்சள் நிறத்தில் ஒரு பெட்டி. படம் பார்க்கும்போது வரும், வீட்டோடு பேசும்போது வரும். மூலையில் ஒரு பெருக்கல் குறி, அழுத்தினால் போய்விடும். இப்போதெல்லாம் படிப்பதில்லை. விரல் தானாகப் போகிறது.

இன்னொன்று. படுக்கையில் இருந்தபடியே நிலையத்தின் அளவுகளைப் பார்க்க வசதியாக, வீட்டுக் கணினிக்கும் நிலையக் கணினிக்கும் நடுவே ஒரு கேபிள் இழுத்திருக்கிறேன். விதிப்படி கூடாது. ஆனால் ஒவ்வொரு முறையும் எழுந்து அடுத்த அறைக்குப் போய் எண்களைப் பார்த்து வருவது அலுத்துவிட்டது. அண்ணாச்சி பார்த்துவிட்டு, “இது ஒண்ணும் செய்யாதுல்ல?” என்று கேட்டார். செய்யாது என்றேன்.

2 ஏப்ரல், 18:20

அண்ணாச்சிக்கு நல்ல நாள். மனைவி செண்பகத்தின் குரல் செய்தி வந்தது. வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டிருக்கிறது, கொத்தனார் நாளைக்கு நாளைக்கு என்கிறான், நீங்கள் வந்து ஒரு சத்தம் போட்டால்தான் சரிப்படும் என்று பாதிக்கு மேல் கொத்தனாரைப் பற்றியே. அவர் அதை மூன்று முறை கேட்டார்.

கூடவே அவருடைய சித்தப்பா மகன் முகவரியிலிருந்து ஒரு கல்யாண அழைப்பிதழ். மூன்றாவது கம்பி வரிசையைச் சரிசெய்ய நாளை மறுநாள் ரோவர் வண்டியில் போகிறார். கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே சொன்னார்.

“அதத் தெறந்து பாரு தங்கச்சி. எந்த மண்டபம்னு பாப்போம்.”

திறந்தேன். ஒரு பெட்டி வந்தது, மூடினேன். அழைப்பிதழ் வெறும் வெள்ளையாக இருந்தது. சரியாக இறங்கவில்லை போல என்றேன். திரும்ப அனுப்பச் சொல்லலாம் என்றார்.

4 ஏப்ரல், 05:40

அண்ணாச்சி கிளம்பிவிட்டார். மூன்றாவது வரிசை நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ரோவர் சிறியது, ஒருவர் உட்காரும் மூடிய அறை, பின்னால் கருவிப்பெட்டி. எங்கள் கோபுரத்திலிருந்து வரும் வழிகாட்டி சிக்னலைப் பிடித்துத் தானாகவே ஓடும். போய்வரவும், அங்கே சில மணி நேரம் வேலை பார்க்கவும் பேட்டரி போதும்.

கம்பி விரித்த ரோபோ வண்டிகளின் சக்கரத் தடம் அந்தச் சமவெளி முழுக்கக் கிடக்கிறது. காற்றில்லாத இடத்தில் ஒரு தடமும் அழிவதில்லை. தடத்தைப் பார்த்துத் திரும்பி வர முடியாது. சிக்னல்தான் வழி.

4 ஏப்ரல், 09:15

நிலையக் கணினி பூட்டப்பட்டுவிட்டது. வீட்டுக் கணினியும்தான்.

திரையில் தமிழ், மொழிபெயர்ப்புக் கருவி எழுதிய தமிழ். “உங்கள் குடும்பப் படங்களும் ஆவணங்களும் பூட்டப்பட்டுள்ளன. கவலைப்பட வேண்டாம். கட்டணம் செலுத்தியதும் திரும்பக் கிடைக்கும்.” கீழே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது.

இதை அனுப்பியவனுக்கு இது எந்த இடம் என்று தெரியாது. ஏதோ ஒரு வீடு என்று நினைத்திருப்பான். கட்ட நினைத்தாலும் வழியில்லை. பூமியை நோக்கிய ஆன்டெனாவை இயக்குவதும் இதே கணினிதான். செயற்கைக்கோளோடு தொடர்பு போய்விட்டது. கோபுரத்தின் வழிகாட்டி சிக்னலும் நின்றுவிட்டது.

காற்றும் தண்ணீரும் தனி இயந்திரம். ஓடுகின்றன. குரல் ரேடியோவும் தனி. பழைய முறை, கணினி கலக்காதது.

எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டிய வேலை இல்லை. அழைப்பிதழ். அன்று வந்த பெட்டி மஞ்சள் இல்லை, சிவப்பு. இப்போது நன்றாக நினைவு வருகிறது. மென்பொருள் அதைப் பிடித்திருக்கிறது. பிடித்து என்னிடம் சொல்லியிருக்கிறது. நான் படிக்கவில்லை. அங்கிருந்து நான் இழுத்த கேபிள் வழியாக இங்கே.

4 ஏப்ரல், 09:30

ரேடியோ.

“தங்கச்சி, வழிகாட்டி நின்னு போச்சு. அங்கன என்ன?”

“கோபுரத்துல ஒரு சர்க்யூட் போர்டு சூடாகி நின்னுட்டு அண்ணாச்சி. மாத்திக்கிட்டு இருக்கேன். அங்கேயே இருங்க.”

“எவ்வளவு நேரமாவும்?”

“ஒரு மணி நேரம்.”

“சரி. நான் வேலையப் பாக்கேன்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எழுத வேண்டும். இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கையேட்டில் ஒரு வழி இருக்கிறது: முழு அழிப்பு. சுவரில் இருக்கும் சாவியைத் திருப்பினால் நிலையக் கணினி தன் நினைவு முழுவதையும் அழித்துவிட்டு, உள்ளே பூட்டி வைத்திருக்கும் சுத்தமான பிரதியிலிருந்து எழுந்துகொள்ளும். இரண்டு மணி நேரம் ஆகும். சிக்னல் திரும்பிவிடும்.

ஆனால் அண்ணாச்சி இந்தப் பருவம் முழுக்கச் சேர்த்த பதிவுகள் அதில்தான் இருக்கின்றன. பூமிக்கு அனுப்ப முடியாத அளவுக்குப் பெரியவை. அடுத்த விண்கலத்தில் கையோடு கொண்டுபோக வைத்திருந்தார். அதுவும் போய்விடும். பிறகு ஏன் அழித்தாய் என்று கேட்பார்கள். கேபிளைப் பற்றிக் கேட்பார்கள்.

இந்த ரகப் பூட்டுகளை நான் திறந்திருக்கிறேன். மூன்று முறை திறந்திருக்கிறேன். ஒரு மணி நேரம் போதும். திறந்துவிட்டால் பதிவுகளும் பிழைக்கும், யாருக்கும் தெரிய வேண்டியதும் இல்லை.

கேபிளைப் பிடுங்கிவிட்டேன்.

4 ஏப்ரல், 10:45

திறக்கவில்லை. புதிய ரகம்.

ரேடியோ.

“வேல முடிஞ்சுட்டு தங்கச்சி. மூணாவது வரிச இப்ப சுத்தமாக் கேக்குது. போர்டு என்னாச்சு?”

“இன்னும் கொஞ்ச நேரம் அண்ணாச்சி.”

“வடக்க ஒரு மேடு தெரியுது. அதுல ஏறிட்டா நம்ம கோபுரம் கண்ணுக்கே தெரியும்னு நெனைக்கேன். கோபுரத்தப் பாத்துக்கிட்டே மெதுவா ஓட்டிட்டு வாரேனே.”

“வேண்டாம் அண்ணாச்சி. வழி தப்பிட்டா கஷ்டம். இப்ப முடிஞ்சிரும். இருங்க.”

“சரி, நீ சொன்னா சரி. வண்டி பேட்டரிய ஏன் கரைப்பானேன், உடுப்புக் காத்துலயே இருந்துக்கிடுதேன்.”

விண்வெளி உடையின் காற்றைப் பயன்படுத்துகிறார். கொஞ்ச நேரம்தானே என்று. தடுக்க வாய் திறந்தேன். தடுத்தால் ஏன் என்று கேட்பார். எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

4 ஏப்ரல், 12:10

திறக்கவில்லை. பழைய பிரதிகளைத் தேடினேன். அவற்றையும் பூட்டியிருக்கிறான். கட்டணப் பதிப்பில் இருந்த திருப்பித் தரும் வசதி வீட்டுக் கணினியையாவது காப்பாற்றியிருக்கும். அங்கேயே நின்றிருக்குமா, இங்கே வராமல் இருந்திருக்குமா என்று யோசிக்கிறேன். யோசிக்கிற நேரமா இது.

அவர் இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டு முறையும் இப்போ முடிஞ்சிரும் என்றேன்.

4 ஏப்ரல், 13:20

சாவியைத் திருப்பிவிட்டேன். அழிகிறது.

09:30க்குத் திருப்பியிருக்க வேண்டும்.

ரேடியோவில் சொன்னேன்: “அண்ணாச்சி, இன்னும் ரெண்டு மணி நேரத்துல சிக்னல் வந்திரும். இது உறுதி.”

“ரெண்டு மணி நேரமா?”

ரோவருக்குள் அவர் பொத்தான்களைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “சரி தங்கச்சி, வண்டி ஏசிய மட்டும் கொறச்சுக்கிடுதேன். வெயிலு நல்லா காயுது.”

மேட்டில் ஏறி வரச் சொல்லலாமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வழி தெரியாமல் சுற்றினால், வெயிலில் ஏசி தின்றது போக இருக்கிற பேட்டரியும் போய்விடும். சிக்னல் வந்த பிறகு நேர்வழியில் வந்தால் சமாளிக்கலாம் என்று தோன்றியது. காலையில் அவர் கேட்டபோது பேட்டரி இருந்தது. சுற்றினாலும் வந்து சேர்ந்திருப்பார்.

4 ஏப்ரல், 15:28

சிக்னல் வந்துவிட்டது. அவர் கிளம்பிவிட்டார். பேட்டரி அளவைக் கேட்டேன். சொன்னார். சரியாக இருக்கும் அண்ணாச்சி என்றேன். சரியாக இருக்காது.

4 ஏப்ரல், 16:55

ரோவர் நின்றுவிட்டது. நிலையத்திலிருந்து பத்தொன்பது கிலோமீட்டர். பேட்டரி இல்லை என்றால் அறைக்குள் காற்றைச் சுத்தம் செய்யாது. உடைக்குள் மிச்சமிருக்கும் காற்று ஒன்றரை மணி நேரத்துக்கு.

இரண்டாவது ரோவர் கிடையாது. நான் உடையை மாட்டிக்கொண்டேன். காற்று உருளைகளைக் கைவண்டியில் ஏற்றிவிட்டேன். நடக்கிறேன். அவரையும் எதிரே நடந்து வரச் சொல்லியிருக்கிறேன். வேகமாக நடந்தால்

நடந்துகொண்டே பேசிப் பதிகிறேன்.

4 ஏப்ரல், 17:50

நடக்கிறேன். மூச்சு வாங்குகிறது. அவர் நின்றுவிட்டார். தலைவலி என்றார். ஒரு பாறை மேல் உட்கார்ந்திருக்கிறாராம்.

அவர் பேசியதை அப்படியே பதிகிறேன். ஒரு சொல்லும் விடக் கூடாது.

“அந்தப் போர்டு மாத்தியாச்சா தங்கச்சி?”

“மாத்தியாச்சு அண்ணாச்சி.”

“நல்லது. இனிமே ஒனக்கு ஒண்ணும் பயமில்ல.”

“நீங்க பேசாதீங்க. காத்து மிச்சமாகட்டும். வந்துக்கிட்டே இருக்கேன்.”

“வா, வா. மூணாவது வரிசையில இன்னைக்குக் கேட்டேம் பாரு, அப்படி ஒரு அமைதி. இந்தப் பருவத்துத் தரவ மட்டும் பத்திரமாக் கொண்டு சேத்துரு. யாரும் இதுக்கு முன்ன இவ்வளவு சுத்தமாக் கேட்டதில்ல.”

“சரி அண்ணாச்சி.”

“ஏன் அழுத? மிஷினு கெட்டுப்போச்சு. அதுக்கு நீ என்ன செய்வ?”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. இந்த நேரத்தில் சொல்லி அவர் மனதைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் முழு உண்மை இல்லை. அவர் என்னை எப்படி நினைத்துக்கொண்டு போகிறார் என்பதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

“செண்பகத்துக்கிட்ட...” என்றார். பிறகு கொத்தனார் பேரை நினைவுபடுத்தப் பார்த்தார். வரவில்லை.

4 ஏப்ரல், 18:45

அண்ணாச்சி. அண்ணாச்சி, கேக்குதா.

மூச்சுச் சத்தமும் இல்லை. ரேடியோவை அணைத்துவிட்டேன்.

அண்ணாச்சி, போர்டு எதுவும் கெட்டுப்போகல.

கேட்கவில்லை. கைக்கருவியில் மட்டும் பதிந்தது.

5 ஏப்ரல், 07:30

கொண்டு வந்துவிட்டேன். கைவண்டியில் வைத்து. ஒரு பாறையில் சாய்ந்தபடி, கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

குளிர் அறையில் வைத்திருக்கிறேன். அவருடைய உடையைக் கழற்றும்போது தொடைப் பையில் ஒரு சிறு முடிச்சாகக் கம்பித் துண்டு இருந்தது. பழுதான பகுதியை வெட்டி எடுத்தது. தூக்கிப்போட மனமில்லாமல் வைத்திருந்திருக்கிறார் போல.

காற்று சரி. தண்ணீர் சரி.

6 ஏப்ரல், 11:00

ஆன்டெனாவின் திசையை மறுபடி கையால் சரிசெய்த பிறகு, இன்றுதான் தலைமையகத்தோடு தொடர்பு திரும்பியது. இரண்டு நாளாக எங்களைக் காணாமல் தவித்திருக்கிறார்கள். என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். இறந்துவிட்டார் என்பதை மட்டும் சொல்ல முடிந்தது. மேலே பேச வரவில்லை. பரவாயில்லை, பிறகு எழுதலாம், கோபுரத்தில் இருக்கும் ரேடியோ ஒலிப்பதிவை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அது தனிப் பெட்டி. அழிப்பில் அழியாதது.

அதில் என் குரல் இருக்கிறது. போர்டு சூடாகி நின்றுவிட்டது என்கிற குரல்.

7 ஏப்ரல், 14:20

தூக்கம் இல்லை. உட்கார்ந்து ஒன்றையே திரும்பத் திரும்ப நினைக்கிறேன். காசு கொடுத்து வாங்கியிருந்தால் அந்த மஞ்சள் பெட்டிகள் வந்திருக்காது. மஞ்சள் வராமல் இருந்திருந்தால் சிவப்பு என் கண்ணில் பட்டிருக்கும். சிவப்புப் பெட்டி வந்தவுடன் அவர்கள் தருகிற ஆளைக் கூப்பிட்டு, இதைத் திறக்கலாமா என்று கேட்டிருக்கலாம். இப்படி மென்பொருள் மேலே போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மூச்சுவிட முடிகிறது.

பிறகு நினைவு வருகிறது. மென்பொருள் தன் வேலையைச் செய்துவிட்டது. இலவசம்தான், ஆனாலும் சொல்லிவிட்டது. கேபிளை அது இழுக்கவில்லை. ஒரு மணி நேரம் என்று அது சொல்லவில்லை. அவர் மேட்டில் ஏறி வரட்டுமா என்று கேட்டது என்னிடம்.

வைரஸ் அவரைக் கொல்லவில்லை. அது வந்து பதினைந்து நிமிடம் கழித்து நான் பேசியது கொன்றது.

9 ஏப்ரல், 10:05

தலைமையகத்தின் விசாரணைக் குறிப்பு வந்திருக்கிறது. ஒலிப்பதிவை முழுதாகக் கேட்டிருக்கிறார்கள். கோபுரத்தில் வன்பொருள் கோளாறு. பொறியாளர் தொடர்ந்து முயன்று நிலையத்தை மீட்டார். டாக்டர் கோமதிசங்கரின் மரணம் தவிர்க்க முடியாத விபத்து. கீழே என் பெயர் போட்டு, இது சரி என்றால் உறுதி செய்யவும் என்று ஒரு பொத்தான். பொறுப்பதிகாரி தனியாக ஒரு வரி எழுதியிருக்கிறார்: “நீங்கள் செய்யக்கூடியதை எல்லாம் செய்துவிட்டீர்கள். இதை நீட்ட வேண்டாம்.”

நிலையக் கணினி அழிக்கப்பட்டிருப்பது அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. பதிவுகள் அழிந்ததைக் கூட, கோளாறைச் சரிசெய்ய எடுத்த துணிச்சலான முடிவு என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் பொத்தானை அழுத்தினால் எல்லாம் முடிந்துவிடும். யாரும் எதையும் சோதிக்க வழியில்லை. வீட்டுக் கணினியையும் சேர்த்து நானே எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். இந்தக் கைக்கருவி மட்டும் இருக்கிறது. நான் உயிரோடு இருக்கும்வரை இதை யாரும் திறக்க முடியாது.

அழுத்தவில்லை. அழுத்த மாட்டேன் என்றும் எழுத முடியவில்லை.

11 ஏப்ரல், 16:00

காற்று சரி. தண்ணீர் சரி. விண்கலம் இம்மாதக் கடைசியில் வரும்.

தலைமையகம் இன்னும் இரண்டு முறை கேட்டுவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று பதில் போட்டேன். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அரைப் பக்கக் குறிப்பு.

சாப்பாட்டு மேசையில் அவர் உட்காரும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எதிரே பார்த்தால் என் இடம் தெரிகிறது. அங்கேதான் உட்கார்ந்து எதுக்குத் தண்டமா குடுக்கணும் என்று கேட்டேன். திரும்ப என் இடத்துக்கே போய்விட்டேன்.

12 ஏப்ரல், 09:40

செண்பகத்திடமிருந்து குரல் செய்தி. எனக்கு. நான் அவரை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. எழுதி வைக்கிறேன்.

“தங்கச்சி, நான் செண்பகம் பேசுதேன். ஆபீசுல கூட்டிட்டுப் போயி அந்தப் பேச்சப் போட்டுக் காமிச்சாங்க. நான்தான் காமிக்கச் சொல்லிக் கேட்டேன். அவுக கொரல ஒருதரம் கேக்கணும்னு இருந்துச்சு. கடைசி வரைக்கும் நீ அவுககூடப் பேசிக்கிட்டே இருந்தியே. நடந்து போயி தூக்கிட்டும் வந்தியாம். அந்த மிஷினு கெட்டதுக்கு நீ என்னம்மா செய்வ? மனசப் போட்டு ஒழப்பிக்கிடாத. ஒழுங்காச் சாப்புடு. ஊருக்கு வந்தா மொதல்ல நம்ம வீட்டுக்கு வா. அவுக அங்கன எப்படி இருந்தாகன்னு ஒங்கிட்ட நெறைய கேக்கணும். ஒன்னைய விட்டா எனக்கு யாரு சொல்லுவா?”

பின்னணியில் யாரோ சிமெண்ட் கலக்கிற சத்தம் கேட்டது.

இரண்டாம் முறை கேட்க முடியவில்லை.

12 ஏப்ரல், 15:15

தலைமையகத்துக்கு முதலில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கேபிள், அழைப்பிதழ், சிவப்புப் பெட்டி, ஒன்பது முப்பது என்று வரிசையாக எழுதினேன். நல்ல அறிக்கை. படித்துப் பார்த்தால் ஒரு கணினியைப் பற்றிய அறிக்கையாக இருந்தது. அதை அனுப்பிவிட்டேன். அவர்களுடைய குறிப்பில் உறுதி செய்யும் இடத்தில், தவறு என்று எழுதினேன். வேலை போகும், வழக்கு வரும். அதெல்லாம் வரட்டும்.

ஆனால் அவர்கள் சொல்லி அந்த அம்மாவுக்குத் தெரியக் கூடாது. நான் சொல்லித்தான் தெரிய வேண்டும்.

நாலு முறை பேசிப் பார்த்து அழித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டுத் தொடங்கினால் அவர் மன்னித்துவிடுவார். நடந்தது என்ன என்று கேட்பதற்கு முன்னாலேயே மன்னித்துவிடுவார். அந்தக் குரல் அப்படிப்பட்டது. அதை வாங்கிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அழுதால் என்னைத் தேற்றத் தொடங்கிவிடுவார்.

செயற்கைக்கோள் மேலே வந்துவிட்டது. இதுதான் ஐந்தாவது. பேசுவதை இங்கேயும் பதிகிறேன்.

“மதினி, நான் பெர்னதெத் பேசுதேன். எந்தப் போர்டும் கெட்டுப்போகல. அத மொதல்ல சொல்லிருதேன். அண்ணாச்சி அன்னைக்குக் காலைலயே மேட்டுல ஏறி வந்திருதேன்னு கேட்டாக. நான்தான் வேண்டாம், அங்கேயே இருங்கன்னு சொன்னேன்.”